ஹார்டியின் நிழலும் லைட்ஹில்லின் நீரும்

சென்ற டிசம்பர் 22 அன்று ஒரு கல்லூரியில் ராமானுஜன் பிறந்தநாள் விழா. நடத்தியவர்கள் கணிதத் துறையினர். தமிழாசிரியனான என்னையும் அழைத்திருந்தார்கள். ராமானுஜன் விழா என்றால் தமிழ்த் துறையிலிருந்து ஒருவர் வாழ்த்துரை வழங்கியாக வேண்டும் என்பது நம் கல்லூரிகளில் எழுதப்படாத சட்டம். சிறப்புரை ஆற்ற வந்தவர் நன்கு படித்தவர், நன்றாகவும் பேசினார். உரையின் உச்சத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: உண்மையான கணிதம் எதற்கும் பயன்படாதது, பயன்பட்ட கணத்தில் அது கணிதமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது, குழாயில் நீர் ஓடுவதையும் விமானத்தின் இறக்கையில் காற்று வழிவதையும் கணக்கிடுவது தச்சு வேலை, ராமானுஜன் செய்தது கவிதை. அரங்கு கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலுக்காக வெட்கப்பட்டே இதை எழுதுகிறேன்.

அந்த வாக்கியம் அவருடையதல்ல, ஜி.எச். ஹார்டியுடையது. 1940இல் வெளிவந்த 'ஒரு கணிதவியலாளரின் தன்னிலை விளக்கம்' என்ற சிறு நூலில் ஹார்டி பயன்பாட்டுக் கணிதத்தைக் கிட்டத்தட்ட அருவருப்போடு ஒதுக்கித் தள்ளுகிறார். பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிப்பதும் காற்றியக்கவியலும் அவருக்கு அழகற்றவை, சலிப்பூட்டுபவை. தன் நண்பர் லிட்டில்வுட்டே முயன்றும் அவற்றுக்கு மரியாதை சேர்க்க முடியவில்லை என்கிறார்.

நம் சிற்றிதழ் உலகம் கணிதத்துக்குள் நுழைந்ததே ஹார்டியின் கையைப் பிடித்துக்கொண்டுதான். ராமானுஜன் நமக்கு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த நம் பிள்ளை. அவரை உலகுக்குக் காட்டியவர் ஹார்டி. ஆகவே ஹார்டியின் நன்றிக்கடனைத் தீர்ப்பதுபோல அவருடைய அழகியலையும் கேள்வியின்றிச் சுவீகரித்துக்கொண்டோம். ஒரு வகைக்கெழுவைக்கூடப் போட்டறியாத நாம் 'கணிதமும் கவிதையும்' என்று கட்டுரை எழுதத் தொடங்கினோம். இருபது வருடங்களுக்கு முன் நானே ஒன்று எழுதியிருக்கிறேன். அது எவருக்கும் கிடைக்காமல் போகட்டும்.

இந்தச் சுவீகாரத்தின் விலை என்ன? சர் ஜேம்ஸ் லைட்ஹில் போன்ற ஒருவரைப் பற்றி நான் வாசித்த தமிழ் இதழ்களில் ஒரு கட்டுரைகூடக் கண்ணில் பட்டதில்லை என்பதுதான். கேம்பிரிட்ஜில் லூக்காசியப் பேராசிரியர் என்றொரு இருக்கை உண்டு. நியூட்டன் அமர்ந்த இருக்கை. 1932 முதல் 1969 வரை அதில் இருந்தவர் டிராக். 1979இல் அதற்கு வந்தவர் ஹாக்கிங். டிராக்கை அறிவோம். ஹாக்கிங்கைப் பற்றி நம்மில் பலர் கவிதையே எழுதியிருக்கிறோம். நடுவே பத்தாண்டுகள் அங்கிருந்தவர் யார் என்று கேட்டால் ஒரு முழு அரங்கும் மௌனமாக இருக்கும். அவர்தான் லைட்ஹில், பாய்மவியலாளர். நீரும் காற்றும் எப்படி ஓடுகின்றன என்பதைக் கணக்கிட்டவர். நம் சிறப்புரையாளரின் மொழியில், தச்சர்.

1924இல் பாரிஸில் பிறந்தவர். வின்செஸ்டர் பள்ளியில் ஃப்ரீமன் டைசனின் தோழர். ஹார்டியின் நூல் வெளிவந்த மறு வருடம், பதினேழு வயதில், கேம்பிரிட்ஜின் டிரினிட்டிக் கல்லூரிக்கு மாணவராக வந்தார். ஹார்டி இருந்த அதே டிரினிட்டி, ராமானுஜன் இருந்த அதே டிரினிட்டி. தூய கணிதத்தின் கருவறையில் தீட்சை பெற்ற பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது போர்க்காலம். 1943இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே சிட்னி கோல்ட்ஸ்டைன் அவரைப் பாய்மவியலுக்கு இழுத்தார். போர் முடிந்தபின் மான்செஸ்டர். 1950இல், இருபத்தாறாம் வயதில், பேராசிரியர். அவர் 'இறங்கி வந்தார்' என்று எழுத என் கை போகிறது. மேலிருந்து கீழே வருவதான இந்த உருவகமே ஹார்டி நமக்குள் வைத்துவிட்டுப் போன விதை.

ஜெட் விமானத்தின் இரைச்சலிலிருந்து தொடங்குகிறேன். 1949இல் காமெட் என்ற முதல் ஜெட் பயணிகள் விமானம் பறந்தது. இந்த இயந்திரத்தின் பின்புறம் ஏன் இப்படி அலறுகிறது என்ற கேள்வி அதோடு வந்தது. அங்கே அதிரும் தந்தி இல்லை, பறைத்தோல் இல்லை. காற்று காற்றோடு உரசிக் கொந்தளிக்கிறது, அவ்வளவுதான். பொருள் எதுவும் அதிராமல் ஓசை எப்படிப் பிறக்கும்?

1952இல் வெளியான கட்டுரையில் லைட்ஹில் செய்ததை ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான என் நண்பர் ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னபோது நான் சற்று நேரம் பேசவில்லை. காற்றின் இயக்கத்துக்கான முழுமையான சமன்பாடுகள் நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டவை. அவற்றை நேரடியாகத் தீர்ப்பது எவராலும் இயலாது. லைட்ஹில் அவற்றில் எதையும் நீக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை, எதையும் தோராயமாக்கவும் இல்லை. இடம் மாற்றி வைத்தார். அசையாத காற்றில் ஓசை பரவுவதற்கான எளிய சமன்பாடு இடப்பக்கம் வரும்படி உறுப்புகளை வரிசைப்படுத்தி, எஞ்சிய அத்தனையையும் வலப்பக்கம் தள்ளினார். இப்போது அதே சமன்பாடு வேறொன்றைச் சொல்கிறது: அமைதியான காற்று ஒன்று இருக்கிறது, அதில் ஓசை பரவுகிறது, அந்த ஓசையின் ஊற்று வலப்பக்கத்தில் குவிந்திருக்கும் அந்தக் கொந்தளிப்பு.

தமிழ் படித்தவர்களுக்கு இது தெரிந்த வித்தை. நம் உரையாசிரியர்கள் கொண்டுகூட்டு என்பார்கள். செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களை, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், வேறு வரிசையில் கொண்டுபோய்க் கூட்டினால் அதுவரை தெரியாத பொருள் எழுந்து நிற்கும். பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் இந்தத் திறத்துக்காக நாம் கொண்டாடுகிறோம் (நச்சினார்க்கினியர் சில இடங்களில் அளவு மீறினார் என்ற வழக்கு தனி). இயற்கையின் சமன்பாட்டைக் கொண்டுகூட்டிப் பொருள் கண்டவனைத் தச்சன் என்கிறோம்.

அந்த வரிசை மாற்றத்திலிருந்து ஒரு விதி விழுந்தது. ஜெட் தாரையின் ஓசைத்திறன் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்காகக் கூடும். வேகத்தை இரட்டித்தால் ஓசை 256 மடங்கு. திருப்பிப் பார்த்தால், வேகத்தைப் பாதியாக்கி, அதே உந்துவிசை கிடைப்பதற்காகத் தாரையின் பரப்பை நான்கு மடங்கு ஆக்கினாலும், ஓசை 64இல் ஒரு பங்காகத்தான் இருக்கும். அதாவது கொஞ்சம் காற்றை மூர்க்கமாகத் தள்ளாதே, நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளு. பின்னாளில் விமான இயந்திரங்களின் வாய் பெரிதாகிக்கொண்டே போனதில் எரிபொருள் சிக்கனத்தின் பங்கு பெரிது என்றாலும், இந்த விதியும் அதில் இருக்கிறது. விமான நிலையத்தின் மதிலை ஒட்டிய வீடுகளில் ஒரு குழந்தை தூங்குகிறது என்றால் அதற்கு ஒரு சமன்பாட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்தச் சமன்பாடு அழகற்றது என்று எனக்கு யாராவது நிறுவிக் காட்டட்டும்.

1955இல் அவரும் அவருடைய மான்செஸ்டர் தோழர் விட்டமும் சேர்ந்து அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். முதலாவது நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வதைப் பற்றியது. இரண்டாவது நெரிசலான நெடுஞ்சாலைகளில் வண்டிகள் நகர்வதைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே கணிதம். நீர் மாயமாவதில்லை, வண்டியும் மாயமாவதில்லை. அந்த அளவு எளிய கூற்றிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஆற்றில் வெள்ளத்தின் முகடு நீரைவிட வேகமாகப் போகிறது. மிதந்துவரும் ஒரு வாழைமரத்தின் வேகத்தை அளந்து, இத்தனை மணிக்கு வெள்ளம் வந்துசேரும் என்று கீழே உள்ள ஊருக்கு ஒருவர் சொன்னால், வாழைமரத்துக்கு முன்பே வெள்ளம் அங்கே வந்துவிடும். இதை அவர்களுக்கு முன்பே பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள். சாலையில் நடப்பது இதற்கு நேரெதிர். வண்டிகளின் அடர்த்தி கூடக்கூட, ஒரு மணி நேரத்தில் ஓரிடத்தைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை முதலில் கூடும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு குறையத் தொடங்கும். உச்சத்தைத் தாண்டிய நெரிசலில் ஏற்படும் எந்தச் சிறு மாற்றமும் பின்னோக்கித்தான் பரவும். வண்டிகள் முன்னே போகின்றன, நெரிசல் பின்னே வருகிறது. ஒரு ஞாயிறு மாலை சுங்கச்சாவடிக்கு வெகு முன்பே அரை மணி நேரம் நின்றுவிட்டுப் பிறகு வண்டி கிளம்பியபோது, விபத்தும் இல்லை, தடையும் இல்லை, எதற்காக நின்றோம் என்று தெரியாமல் நான் விழித்ததுண்டு. எப்போதோ முன்னால் ஒருவர் மிதித்த பிரேக், அலையாகி, என்னைக் கடந்து, எனக்குப் பின்னால் வருகிறவரைத் தேடிப் போய்விட்டிருந்தது. கர்மவினைக்கு இதைவிடத் துல்லியமான உருவகத்தை எந்தக் கவிஞரிடமும் நான் கண்டதில்லை. போகட்டும், அது என் தொழிற்புத்தி.

அவர் தொட்டவற்றையெல்லாம் இங்கே சொல்ல இடமில்லை. மீன் நீந்துவதைப் பற்றி அவர் உருவாக்கிய கோட்பாடு தனிக் கட்டுரைக்குரியது. வெள்ளை ஈக்களின் உடலுக்குள் முட்டையிடும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு குளவியின் பறத்தல் பற்றியும் எழுதியிருக்கிறார். அது முதுகின் மேல் இரு சிறகுகளையும் கைகூப்புவதுபோல ஒட்டவைத்துச் சட்டென்று பிரிக்கிறது. அந்தப் பிரிதலிலேயே தன்னைத் தூக்கும் சுழற்சியைக் காற்றில் உண்டாக்கிக்கொள்கிறது. இதைக் கண்டு சொன்னவர் வைஸ்-ஃபோ என்ற விலங்கியலாளர்; அது எப்படிச் சாத்தியம் என்று 1973இல் கணிதத்தால் காட்டியவர் லைட்ஹில். 1969இல் நம் பக்கத்துக் கடலைப் பற்றியே எழுதினார். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் சோமாலியக் கரையோர நீரோட்டம் ஏன் அவ்வளவு விரைவாகப் பெருகுகிறது? நடுக்கடலில் வீசும் காற்றின் விளைவை, பூமியின் சுழற்சியால் உண்டாகும் பேரலைகள் மேற்கு நோக்கிக் கடத்திக் கொண்டுசேர்க்கின்றன என்றார். கரையோரக் காற்றின் பங்கை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்பதைப் பிந்திய அவதானிப்புகள் காட்டின. ஆனால் பூமத்தியரேகையை ஒட்டிய கடல் இவ்வளவு விரைவாகச் செய்தி கடத்தும் என்ற எண்ணம் நின்றது. 1977 டிசம்பரில் புதுதில்லியில் பருவக்காற்றின் இயக்கவியல் பற்றி நடந்த கருத்தரங்கின் கட்டுரைத் தொகுப்பை இணைந்து பதிப்பித்தவரும் அவரே.

தூய கணிதம் அவருக்குக் கைவராததால் இதற்கு வந்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1958இல் பொதுமையாக்கப்பட்ட சார்புகள் குறித்து ஒரு சின்னஞ்சிறு நூல் எழுதினார். டிராக், ஷ்வார்ட்ஸ், டெம்பிள் ஆகிய மூவருக்கும் காணிக்கையாக்கப்பட்ட நூல். டிராக் தன் இயற்பியலுக்காக ஒரு விசித்திரச் சார்பைக் கையாண்டார். ஓரிடத்தில் மட்டும் முடிவிலியாய் நிற்கும், மற்ற எங்கும் சுழி. தூயவர்கள் முகம் சுளித்தார்கள். இது சார்பே அல்ல என்றார்கள். ஷ்வார்ட்ஸ் அதற்கு முறையான அடித்தளம் அமைத்தார், 1950இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். பயன்பாட்டின் பட்டறையிலிருந்து வந்த ஒரு கருவிக்காகத் தூய கணிதம் தன் கருவறையைப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்ட கதை இது. இதைக் கேட்டபின் மேல், கீழ் என்ற அடுக்கு எங்கே நிற்கும்?

ஹார்டியின் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அவருடைய வெறுப்பு அழகியல் மட்டுமல்ல, அறமும்கூட. முதல் உலகப்போரின்போது ரஸ்ஸல் பக்கம் நின்றவர் அவர். பீரங்கிக்கு உதவாத கணிதம் கறைபடாதது என்று அவர் ஆறுதல் கொண்டதை நான் கேலி செய்ய மாட்டேன். லைட்ஹில்லின் தொடக்ககால ஆய்வுகள், ஒலியைவிட வேகமாகப் பறப்பவற்றைப் பற்றியவை, போர்த்தேவையில் பிறந்தவை. 1959 முதல் ஐந்தாண்டுகள் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். அது ராணுவத்தோடு நெருங்கிப் பிணைந்த இடம். இதையெல்லாம் துடைத்துவிட்டு அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் ஹார்டி தஞ்சம் புகுந்த எண்கோட்பாடு என்ன ஆனது? 1977க்குப் பின் பெரிய பகா எண்கள் ரகசியச் செய்திகளின் பூட்டாகிவிட்டன. வங்கிக்கும் அதே பூட்டு, ராணுவத்துக்கும் அதே பூட்டு. கறைபடாத கணிதம் என்று ஒன்று இல்லை; இன்னும் கறைபடாத கணிதம் என்றுதான் ஒன்று உண்டு. அதைச் செய்தவர் அதற்காகப் பெருமைப்பட இடமில்லை.

இன்று லைட்ஹில்லின் பெயர் அடிபடும் ஒரே இடம் வேறு. செயற்கை நுண்ணறிவின் வரலாற்றை யார் எழுதினாலும் 1973ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று வரும். பிரிட்டனின் அறிவியல் ஆய்வுக் குழு கேட்டு அவர் எழுதியது. அந்தத் துறை கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்றார். வாய்ப்புகளின் எண்ணிக்கை வெடித்துப் பெருகும்போது அந்நாளைய நிரல்கள் திணறிப்போவதைச் சுட்டிக்காட்டினார். அந்நாட்டில் நிதி சுருங்கியது. ஆகவே இப்போது அவர் எதிர்காலத்தை மறித்து நின்ற கிழவர். அவர் பக்கம் முழு நியாயம் இருந்ததாக நான் வாதிட மாட்டேன். தன் துறை அல்லாத ஒன்றில் தீர்ப்பெழுதினார். அன்றைய நிலையைச் சரியாகக் கண்டவர் நாளைய சாத்தியத்தைக் குறுக்கிவிட்டார். 1997 மே மாதம் சதுரங்க உலக வாகையரைக் கணினி தோற்கடித்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். ஆனால் ஐம்பது ஆண்டுக்கால உழைப்பை விட்டுவிட்டு, அழைத்ததற்காக எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையை வைத்து ஒரு மனிதனை நினைவுகூர்வது, உரையாசிரியர் ஒருவரை அவர் எழுதிய சாற்றுக்கவியை வைத்து மதிப்பிடுவது போன்றது.

ஹார்டியின் நூல் தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு மன்னிப்பு என்பதும் ஒரு பொருள். ஹார்டி அந்தப் பொருளில் அதைப் பயன்படுத்தவில்லை. பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் வாதத்துக்கு உள்ள அதே தலைப்பு. தன்னை நியாயப்படுத்தி நிற்பது. 1986இல் லைட்ஹில் அதே சொல்லை அதன் மற்றப் பொருளில் பயன்படுத்தினார். நியூட்டனின் விதிகளைப் பின்பற்றும் அமைப்புகளைக்கூட ஒரு காலவரம்புக்கு மேல் முன்கணிக்க இயலாது என்பது 1960களுக்குப் பின் தெளிவாகிவிட்டது. அதுவரை இயக்கவியலாளர்கள் முழுமையான நிர்ணயவாதத்தைப் பரப்பி, படித்த பொதுமக்களைத் தவறாக வழிநடத்திவிட்டோம் என்று, தன் துறையினர் அனைவர் சார்பாகவும், அரச கழகத்தின் ஆய்விதழிலேயே அவர் மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர் உலக இயக்கவியல் ஒன்றியத்தின் தலைவர். ஒரு விஞ்ஞானத் துறையின் தலைமையில் இருந்த ஒருவர், எங்கள் பாட்டன்மார் முதல் நாங்கள் வரை உங்களுக்குச் சொன்னது தவறு, பொறுத்தருளுங்கள் என்று எழுதியதற்கு வேறு உதாரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். தமிழிலக்கிய வரலாற்றில் தேடுவதை முதலிலேயே கைவிட்டேன்.

சிறப்புரையாளருக்கு நான் வைக்கும் கேள்வி இதுதான். கணிதம் கவிதை என்கிறீர்கள், சரி. கவிதைக்கு எப்போது உலகம் தீட்டாயிற்று? நம் சங்கப் புலவர்கள் முதற்பொருளாக வைத்தது நிலத்தையும் பொழுதையும். ஆறும் கடலும் காற்றும் மழையும் இல்லாமல் ஓர் அகப்பாடல் நகராது. நீரைப் பார்த்து எழுதியதால் கபிலர் தச்சராகிவிட்டாரா?

லைட்ஹில்லின் மரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைத் தெரிந்த சிலருக்கும் அது மட்டுமே தெரியும் என்பதால். ஆங்கிலக் கால்வாயில் சார்க் என்றொரு சிறு தீவு. சுற்றி நீந்தினால் சுமார் 9 மைல். ஓதங்களும் நீரோட்டங்களும் தாறுமாறாக மோதும் கடல். 1973இல் அதை முதன்முதலாகச் சுற்றி நீந்தியவர் அவர். எந்த மணிக்கு எந்த முனையில் நீர் எத்திசையில் ஓடும் என்று கணக்கிட்டுக்கொண்டு, மல்லாந்து நீந்துவார். மீண்டும் மீண்டும் அதைச் செய்தார். 1998 ஜூலை 17, எழுபத்து நான்காம் வயதில், அதே சுற்றில் இறந்தார். இதய வால்வு கிழிந்துபோயிருந்தது. கடல் கொண்டது என்று எழுதத் தோன்றும். அது உண்மையல்ல, நீரைப் பற்றிய அவருடைய கணக்கு கடைசிவரை பிழைக்கவில்லை.

விழா முடிந்த மறுவாரம் நூலகத்தில் அவருடைய 'பாய்மங்களில் அலைகள்' நூலைக் கண்டுபிடித்தேன். 1978ஆம் வருடப் பதிப்பு. பின் அட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1994. நூலகர் என் துறையின் பெயரைப் பார்த்துவிட்டு, தவறுதலாக எடுத்துவிட்டேனோ என்று கேட்டார். இல்லை என்றேன். முதல் அத்தியாயம் ஒலி அலைகள். பதினோராம் பக்கத்தில் நிற்கிறேன். நண்பர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.